சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள்

போன மாதம் எங்கள் தமிழ்ச் சபையில் ஒரு அண்ணாச்சி என்னைப் பிடித்துக்கொண்டார். மெல்பர்னில் எங்களுக்கென்று சொந்தக் கோயில் கிடையாது. வெள்ளைக்காரர்களின் கோயிலை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வாடகைக்கு எடுத்து ஆராதனை நடத்துகிறோம். முடிந்ததும் டீ, பருப்பு வடை. அந்த வடை நேரத்தில்தான் கேட்டார்.

"தம்பி, நீங்க நாத்திகக் குடும்பமாமே? அடுத்த கன்வென்ஷன்ல சாட்சி சொல்லுங்க. இருட்டுல இருந்து வெளிச்சத்துக்கு வந்த கதை. பத்து நிமிஷம் போதும். பிள்ளைகளுக்குப் பிரயோஜனமா இருக்கும்."

முடியாது அண்ணாச்சி என்றேன். கூச்சமா என்று கேட்டார். கூச்சமெல்லாம் இல்லை. நான் விட்டு வந்த இடம் இருட்டு இல்லை, அவ்வளவுதான். கையில் வடையை வைத்துக்கொண்டு இதை அவருக்கு விளக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நாகர்கோவில் பக்கம். அப்பா பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார், கறுப்புச் சட்டைக்காரர். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967ல் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் வந்தது. அது வந்த பிறகு தாலியும் ஐயரும் இல்லாமல் இரண்டு மாலையோடு அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டவர். வீட்டில் சாமி படம் கிடையாது. சாதிப் பேச்சு கிடையாது. தெருவில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அப்பாதான் முதலில் போய் நிற்பார். நான் பொய் சொல்லி அகப்பட்டால், "சாமி கண்ணைக் குத்தும்" என்று பயமுறுத்த எங்கள் வீட்டில் ஆள் இல்லை. "உனக்கே அசிங்கமா இல்லையா மக்கா?" என்று மட்டும் கேட்பார். அதற்கு அடி வாங்குவதே மேல்.

நானும் அப்படியே வளர்ந்தேன். ஹாஸ்டலில் ஜெபக் கூட்டத்துக்குக் கூப்பிட வந்த பையன்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்டு அழவைத்திருக்கிறேன். அப்போது பெருமையாக இருந்தது. இப்போது இல்லை.

2005ல் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் எனக்கு வேலை. அந்த வருஷம்தான் அப்பாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கத்து ஜனங்களுக்கு இந்த வியாதி என்றால் திருவனந்தபுரம் ஆர்.சி.சி.தான். 1981ல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையம், மெடிக்கல் காலேஜ் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. வராந்தாவில் மலையாளம் பாதி, தமிழ் பாதி கேட்கும். நோயாளிக்குத் துணைக்கு இருப்பவரை அங்கே பைஸ்டாண்டர் என்பார்கள். எட்டு மாதம் நான் பைஸ்டாண்டர்.

பக்கத்துப் படுக்கையில் பூந்துறைக் கடற்கரைக்காரர் ஒருவரின் தம்பி. அண்ணன்காரர் கட்டுமரத்தில் போய் மீன் பிடித்தவர். லத்தீன் கத்தோலிக்கர். எனக்கு வாரத்தில் மூன்று நாள் ராத்திரி ஷிப்ட். "சாரே, மோன் போயிட்டு வரட்டும், நான் பார்த்துக்கறேன்" என்று அப்பாவிடம் சொல்லி என்னை அனுப்பிவைப்பார். அப்பாவுக்கு வாந்தி எடுத்தால் கையில் ஏந்தியிருக்கிறார். ராத்திரி ஜெபமாலை உருட்டுவார். எங்களிடம் ஒரு நாள்கூட மதம் பேசியதில்லை.

அவர் தம்பி இறந்துபோனார். முப்பத்தி நாலு வயது. அவ்வளவு ஜெபமாலைக்கும் பலன் அதுதான். அப்பாவும் நானும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் எனக்குள் ஒரு குரல், "பார்த்தாயா?" என்றது.

ஏழாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவர் ஒரு தூக்குவாளியோடு வார்டுக்கு வந்தார். உள்ளே கஞ்சியும் பயறும். அப்பாவுக்கு வீட்டுக் கஞ்சி கொண்டுவருவதாக எப்போதோ சொல்லியிருந்தாராம். தம்பி செத்த அந்தக் கட்டிலைத் தாண்டித்தான் எங்கள் கட்டிலுக்கு வரவேண்டும். தாண்டி வந்தார்.

அவர் போன பிறகு அப்பாவிடம் கேட்டேன், "இதுக்கு என்னப்பா பேரு?"

"மனுஷன், மக்கா. வேற என்ன?" என்றார்.

அப்பா சொன்னது தப்பில்லை. 2017 முதல் அதே மெடிக்கல் காலேஜில் டி.ஒய்.எஃப்.ஐ. பிள்ளைகள் வீடு வீடாகப் பொதிச்சோறு வாங்கிவந்து கொடுக்கிறார்கள். சாமி பேரைச் சொல்லியா கொடுக்கிறார்கள்? நல்லது செய்ய நம்பிக்கை தேவையில்லை என்பதற்கு எங்கள் அப்பாவே சாட்சி. ஆனாலும் எனக்கு அந்தப் பதில் போதவில்லை. கேட்டது கிடைக்காத மனிதர் கேட்டவரோடு சண்டை போடாமல், கஞ்சியோடு திரும்பி வருகிறாரே, அவர் யாரிடம் பேசிக்கொண்டிருந்தார் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது.

பாளையத்தில் பள்ளிவாசலும் கத்தீட்ரலும் பிள்ளையார் கோயிலும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. அந்தப் பக்கம் ஒரு கடையில் தமிழ் புதிய ஏற்பாடு வாங்கினேன். உள்ளதிலேயே சின்னது என்று மாற்கு சுவிசேஷத்தில் தொடங்கினேன். பிழை கண்டுபிடிக்கத்தான் படித்தேன், நிறையக் கண்டும் பிடித்தேன். ஆனால் இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டேன். ஒன்று, சுகமில்லாத மகனைக் கொண்டுவந்து, நம்பிக்கை பாதியும் இல்லாமை பாதியுமாக அழுகிற ஒரு தகப்பன். அவனை யாரும் விரட்டவில்லை. இன்னொன்று சிலுவை. கடவுளே தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று கதறிக்கொண்டு சாகிறவரைத்தான் இவர்கள் கடவுள் என்கிறார்கள்! ஹாஸ்டலில் நான் கேட்ட கேள்வியையெல்லாம் எனக்கு முன்னால் அவரே கேட்டுவிட்டார்.

அன்றைக்கு வெளிச்சமும் வரவில்லை, குரலும் கேட்கவில்லை. ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அப்புறம் அடுத்த ஞாயிறு.

அப்பாவிடம் மறைக்க மனசு வரவில்லை. சொல்லும்போது கை நடுங்கியது. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "யோசிச்சு எடுத்த முடிவா? இல்ல, நான் சாகப்போறேன்னு பயந்து எடுத்த முடிவா?"

"யோசிச்சுத்தான்பா."

"அப்ப சரி. ஆனா ஒண்ணு. சாதிக்கு ஒரு கல்லறை வச்சிருக்கிற கோயிலுக்குள்ள மட்டும் கால வைக்காத."

இரண்டு நாள் கழித்து, கீமோ முடிந்து திரும்பும்போது பூஜப்புரை மத்திய சிறையைப் பார்க்கவேண்டும் என்றார். ஆட்டோவை நிறுத்தி இறங்கினோம். வெளியே நின்று மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1924ல் வைக்கம் போராட்டத்தில் இரண்டாம் முறை கைதானபோது பெரியார் கடுங்காவலில் இருந்தது திருவனந்தபுரம் மத்திய சிறையில்தான். காலில் விலங்கோடு அவரை அங்கே பார்த்ததாக உடன் சிறையிருந்த கே.பி. கேசவ மேனன் எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு இதெல்லாம் மனப்பாடம்.

"தலைவருங்க ஒவ்வொருத்தரா ஜெயிலுக்குப் போனதும் பெரியாரை வரச்சொல்லிக் கடுதாசி போட்டதுல ஒரு ஆளு யாரு தெரியுமா? ஜார்ஜ் ஜோசப். கிறிஸ்தவன்" என்றார்.

செங்கன்னூரில் பிறந்து மதுரையில் வக்கீலாக இருந்தவர் ஜார்ஜ் ஜோசப். குற்றப்பரம்பரைச் சட்டத்துக்கு எதிராகக் கள்ளர்களுக்காக வாதாடியதால் ரோசாப்பூ துரை என்று ஜனங்கள் அழைத்த அதே மனிதர். இது இந்துக்கள் விவகாரம், நீங்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்று காந்தியே அவருக்கு எழுதினார். ஆனால் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் ஒரு மனிதனை நடக்கவிடாதது எல்லா மனிதருக்கும் விவகாரம் என்றுதானே அவர் போய் நின்றார். அந்தத் தெருவுக்காக ஒரு கிறிஸ்தவரும் பெரியாரும் சிறைக்குப் போனார்கள். அன்றைக்கு அப்பா எனக்குக் கொடுத்த ஆசீர்வாதம் அது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆசீர்வாதம் என்று சொன்னால் திட்டுவார் :-)

2006ல் அப்பா போய்விட்டார். கடைசிவரை நாத்திகர். நான் ஜெபம் செய்தேன், அவர் பிழைக்கவில்லை. அப்புறமும் நான் போய்க்கொண்டிருந்தேன். 2008ல் ஊரில் ஞானஸ்நானம் எடுத்தேன். அம்மா வந்து முன் வரிசையில் உட்கார்ந்தாள், அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு.

இப்போது சொல்லுங்கள், இதில் எதைப் பத்து நிமிஷத்தில் "இருட்டிலிருந்து வெளிச்சம்" என்று சொல்வது?

வெளிநாட்டில் இருக்கும் நம் சபைகளுக்கு மூன்று விஷயம் சொல்ல ஆசைப்படுகிறேன்.

ஒன்று. சாட்சி என்ற பெயரில் பெற்றவர்களை வில்லன் ஆக்காதீர்கள். "அப்பா எங்கே போயிருப்பார் என்று நினைக்கிறீர்கள்?" என்று ஒரு போதகர் என்னிடம் கேட்டார். அந்தத் தீர்ப்பு என் கையிலும் இல்லை, அவர் கையிலும் இல்லை.

இரண்டு. சுகமானவர்களை மட்டும் மேடையேற்றாதீர்கள். நாத்திகராக இருந்து 1931ல் கிறிஸ்தவரான சி.எஸ். லூயிஸை எல்லா சபையிலும் மேற்கோள் காட்டுகிறோம். அவர் மனைவி 1960ல் புற்றுநோயில் இறந்தார். கடவுள்மேல் வந்த கோபத்தையும் சந்தேகத்தையும் மறைக்காமல் எழுதி, அடுத்த வருஷம் புனைபெயரில் புத்தகமாக வெளியிட்டார். அந்த லூயிஸ் நம் மேடைகளில் வருவதேயில்லை. பூந்துறைக்காரரும் வரமாட்டார்.

மூன்று, அப்பாவின் நிபந்தனை. எங்கள் தென் திருவிதாங்கூரில் தோளில் சீலை போட்டதற்காகப் பெண்கள் அடிபட்டார்கள். பல வருஷம் போராடி 1859ல் அந்த உரிமையை வாங்கினார்கள். முன்னால் நின்றவர்களில் பலர் சபைப் பெண்கள். அந்தச் சரித்திரத்தை மேடையில் பெருமையாகப் பேசுகிறோம். டீ குடிக்கும்போது, "நீங்க ஊர்ல எந்தப் பக்கம், எந்த ஆளுங்க?" என்று கேட்கிறோம். கல்யாண விளம்பரத்தில் கிறிஸ்தவம் என்று போட்டுப் பக்கத்திலேயே சாதியும் போடுகிறோம். மெல்பர்னில் சாதிக்கு ஒரு கல்லறை இல்லை, உண்மைதான். கேள்வி மட்டும் கப்பலேறி வந்துவிட்டது. இந்த விஷயத்தில் எங்கள் நாத்திகர் வீடு பல விசுவாச வீடுகளைவிடச் சுத்தமாக இருந்தது.

கடைசியாக ஒன்று, இது என் வீட்டுக் கதை. போன கிறிஸ்துமஸ் முடிந்து காரில் வரும்போது பதினாறு வயது மகள், "அப்பா, எனக்கு இதுல நம்பிக்கை இருக்கான்னு தெரியல" என்றாள். சொல்லும்போது அவள் குரல் நடுங்கியது. எனக்கு அந்த நடுக்கம் தெரியும். வாய்வரைக்கும் ஒரு பிரசங்கம் வந்தது. விழுங்கிவிட்டு, "யோசிச்சு எடுத்த முடிவா?" என்று கேட்டேன்.

"யோசிச்சிட்டு இருக்கேன்."

"சரி. யோசி. நானும் ஜெபம் பண்றேன். ரெண்டும் நடக்கட்டும்."

நம் பிள்ளைகள் நம்மைப் போலவே நம்புவார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆத்திக வீட்டுக்கும் இல்லை, நாத்திக வீட்டுக்கும் இல்லை. கையில் நடுக்கத்தோடு வந்து உண்மையைச் சொல்லும் அளவுக்கு நம்மேல் அவர்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா என்பதுதான் என் கவலை. எனக்கு அந்த நம்பிக்கையை, கடவுளை நம்பாத ஒருவர் கொடுத்துவிட்டுப் போனார்.

அண்ணாச்சி, இதைப் படித்துவிட்டும் கூப்பிட்டால் கட்டாயம் வருகிறேன். பத்து நிமிஷம் போதாது. இருபது வேண்டும். முதல் பத்து அப்பாவுக்கு.