எழுதியதைக் காப்பாற்றுங்கள்!



மகனுக்கு உபகாரச் சம்பளம் கேட்டு ஒரு மனு, போட்டிக்கு ஒரு சிறுகதை, பாட்டி சொன்ன பழைய தோட்டத்துக் கதை என்று எல்லாவற்றையும் இன்று கணினித் திரையிலேயே எழுதுகிறோம். பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது இணைய உலாவி திடீரென்று மூடிக்கொள்கிறது, எழுதியதைக் காணோம்! மனுவை மறுபடியும் எழுதிவிடலாம். எண்பது வயதுப் பாட்டி அன்று சொன்ன சொற்களை அப்படியே இன்னொரு தடவை சொல்வாரா?

ஏன் இப்படி ஆகிறது? பால்மரம் வெட்டியவர்களுக்கு இது எளிதில் புரியும். மங்கில் வடிந்த பாலை வாளியில் ஊற்றி, நிறுத்துக் கணக்கில் சேர்ப்பதற்குள் மழை முந்திக்கொண்டால் உழைப்பு வீண்தான். இணையப் பக்கத்தின் கட்டத்துக்குள் தட்டெழுதுவதும் அப்படியே. பெரும்பாலான பக்கங்களில், ‘அனுப்பு’ என்பதை அழுத்தும் வரை அந்த எழுத்து கணினியின் தற்காலிக நினைவில்தான் இருக்கிறது. உலாவி விழுந்தால் அதுவும் போய்விடும்.

போய்விட்டதே என்று உடனே தலையில் கை வைக்காதீர்கள். உலாவி அசையாமல் நின்றாலும் எழுத்து கண்ணுக்குத் தெரிகிறதா? முதலில் கைப்பேசியால் திரையைப் படம் பிடியுங்கள். உலாவி மூடிவிட்டதென்றால் மறுபடி திறங்கள். பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் சம்மதியுங்கள். கேட்காவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், டி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். மூடிய பக்கம் திரும்பும். ஃபயர்ஃபாக்ஸ் உலாவி வழக்கமாக 15 விநாடிக்கு ஒரு முறை நிலவரத்தைக் குறித்து வைப்பதால், கட்டத்தில் எழுதியதும் பல வேளைகளில் கூடவே வரும். ஆனால் வந்தே தீரும் என்று நம்பியிருக்க வேண்டாம். அடையாளம் பதியாத தனிச் சாளரத்தில் எழுதியதை உலாவி மீட்டுத் தராது. மின்னஞ்சல் என்றால் ‘வரைவுகள்’ பகுதியைப் பாருங்கள். ஜிமெயில் நாம் எழுத எழுதத் தானே அங்கே சேமிக்கும்.

அனுப்பும் நேரத்தில் இணையத் தொடர்பு அறுந்தால், பக்கத்தைப் புதுப்பிக்காதீர்கள். பின்னோக்கிச் செல்லும் அம்புக்குறியை அழுத்திப் பாருங்கள். எழுதியது பெரும்பாலும் அங்கே காத்திருக்கும்.

வருமுன் காப்பதே அறிவு அல்லவா? நான்கு வரிக்கு மேற்பட்ட எதையும் கட்டத்துக்குள் நேராக எழுதாதீர்கள். வேர்டில் எழுதிப் பெயர் கொடுத்துச் சேமித்து, பிறகு நகலெடுத்து ஒட்டுங்கள். வேர்ட் வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒரு முறை மீட்புப் பிரதி எடுக்கும். வேகமாக எழுதுபவர் 10 நிமிடத்தில் இரண்டு பத்தி முடித்துவிடுவார்! ஆகவே ஒவ்வொரு பத்தி முடிந்ததும் கண்ட்ரோலும் எஸ்ஸும் அழுத்துவது நல்லது. மாலை இடிமழையில் மின்சாரம் போனாலும் கவலையில்லை.

கட்டத்திலேயே எழுதித்தான் ஆக வேண்டுமா? அனுப்பும் முன் கண்ட்ரோல் ஏ, அடுத்துக் கண்ட்ரோல் சி அழுத்துங்கள். எழுதியது முழுவதும் நகலாகிவிடும். அதை உடனே வேறோர் இடத்தில் ஒட்டிச் சேமியுங்கள். வேறொன்றை நகலெடுத்தாலோ கணினியை அணைத்தாலோ அந்த நகல் நிற்காது.

பெரியவர்களின் கதையை எழுதும் பிள்ளைகளுக்கு இன்னொரு வார்த்தை: அவர்கள் சம்மதத்தோடு பேச்சைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். எழுத்து போனாலும் குரல் மிஞ்சும்.

ஒரு பிரதி கணினியில், இன்னொன்று வேறோர் இடத்தில். இதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பாதியில் நிற்கும் கதை ஏதாவது உங்கள் திரையில் இருந்தால், இந்தப் பக்கத்தைப் புரட்டுமுன் அதைச் சேமித்துவிட்டு வாருங்கள்!