கோயிலைப் பார்த்தோம், ஊரைப் பார்த்தோமா?

நம்ம பள்ளிக்கூடத்திலிருந்து கங்கைகொண்ட சோழபுரத்துக்கு டூர் போகாதவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பஸ் கோயில் வாசலில் நிற்கும். பெரிய நந்தி முன்னாடி வரிசை, உள்ளே போய் லிங்கத்தைப் பார்த்து வாயைப் பிளப்பது, புல்தரையில் புளிசாதம். சாப்பிட்டுக் கை கழுவினால் பஸ் கிளம்பிவிடும். நான் மூன்று தடவை போய்விட்டேன். மூன்று தடவையும் ஒரு கேள்வியை நாம யாரும் கேட்கவில்லை. சாமிக்கு இவ்வளவு பெரிய வீடு இருக்கே, அந்த ஊர் ஜனங்கள் எங்கே குடியிருந்தார்கள்?

ராஜேந்திர சோழன் கங்கைவரை படை அனுப்பி ஜெயித்தபிறகு தஞ்சாவூரிலிருந்து தலைநகரத்தை இங்கே மாற்றினான். 1279 வாக்கில் சோழர் ஆட்சி முடிகிறவரை, ஏறக்குறைய 250 வருஷம் இதுதான் தலைநகரம். அப்படியென்றால் கோட்டை, தெரு, கடை, வீடு எல்லாம் இருந்திருக்க வேண்டும் இல்லையா?

இருந்தது. கோயிலிலிருந்து தென்மேற்கே சுமார் 2 கிலோமீட்டரில் மாளிகைமேடு என்று ஒரு இடம். தமிழ்நாடு தொல்லியல் துறை 1980களில் அங்கே தோண்டியது. 2021-லும் மறுபடி தோண்டியது. அரண்மனையின் செங்கல் சுவர்கள் வெளியே வந்தன. சில சுவர்கள் ஒரு மீட்டருக்கும் மேல் கனம். கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீன தேசத்துப் பீங்கான் துண்டுகள்கூட கிடைத்தன. கருங்கல்லில் அடிப்பீடம் வைத்து அதன்மேல் மரத்தூண் நிறுத்தியிருக்கிறார்கள். மரம் மக்கிப்போச்சு, பீடம் மட்டும் மிச்சம்.

இதில் எனக்கு ரொம்ப ஆச்சரியம் எது தெரியுமா? கடல் கடந்து கடாரம்வரை ஜெயித்த ராஜா செங்கல், மரம், ஓடு போட்ட வீட்டில்தான் இருந்திருக்கிறான். கல் எல்லாம் சாமிக்கு. அதனால்தான் சாமி வீடு நிற்கிறது, ராஜா வீடு மண்மேடாகிவிட்டது. நம்ம பெரம்பலூர்ப் பக்கம் ரஞ்சன்குடி கோட்டை இன்னும் நிற்பதற்கும் கல்தான் காரணம்.

ராஜா வீடு சரி, மற்ற ஜனங்கள்? அதற்கு மண்வெட்டியே வேண்டாம், டவுன் பஸ் போர்டைப் படித்தால் போதும். உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி! கோட்டைக்கு உள்பக்கம், ஆயுதம் வைத்த இடம், ராஜாவின் மெய்க்காவலர் ஊர், சுண்ணாம்பு எடுத்த இடம் என்று பெயரே சொல்கிறது. கல்வெட்டுகளில் சோழகேரளன் திருமாளிகை, ராஜேந்திரன் பெருவழி, வேம்புக்குடி வாசல் என்றெல்லாம் வருகிறது. வேம்புக்குடி இன்னும் அதே பெயரில் இருக்கிறது. அந்த ஊருக்குப் போகிற பக்கம் இருந்த கோட்டை வாசல்தான் வேம்புக்குடி வாசல்.

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். எங்க அப்பாயி வீடு உட்கோட்டைப் பக்கம். கொல்லையில் துணி துவைக்கிற மேடை தட்டைத் தட்டையான பழைய செங்கல்லில் கட்டியது. நம்ம சூளைக்கல் மாதிரியே இருக்காது. கேட்டதற்கு அப்பாயி, "அதை ஏன்டா கேக்குற, அந்தக் காலத்துல மேட்டுல கெடந்துச்சு. எல்லாரும் எடுத்தாந்தாங்க, நாங்களும் எடுத்தாந்தோம்" என்று சொன்னது. எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரவில்லை. நான் குளித்து விளையாடின இடம் சோழர் காலத்துச் சுவராக இருக்கலாம்!

அப்பாயியை நான் குற்றம் சொல்லமாட்டேன். 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது வெள்ளைக்காரர்கள் அந்தக் கோயிலின் மதில் கல்லையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். கவர்ன்மெண்டே அப்படிச் செய்தபோது ஏழை ஜனங்கள் மாட்டுக்கொட்டகைக்கு நாலு செங்கல் எடுத்தது பெரிய பாவமா? ஆனால் தெரிந்த பிறகும் எடுத்தால் அது வேறு. போன டூரில் நம்ம பசங்க சிலபேர் பக்கத்து வயலில் கிடந்த ஓட்டுத் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்கள். அதில் நானும் ஒருவன். அது எந்தக் காலத்து ஓடு, எந்த இடத்தில் கிடந்தது என்று இப்போது கேட்டால் எனக்கே சொல்லத் தெரியவில்லை. வெறும் ஓடாகிப்போச்சு.

2004-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது கோயிலைத்தான். மேட்டை இல்லை. அதனால் மேட்டை யார் வந்து பார்ப்பார்கள்? "அங்க என்னடா இருக்கு, குட்டிச்சுவரு" என்று என் பெஞ்சு நண்பன் சொல்கிறான். குட்டிச்சுவர்தான். ஆனால் கோயிலைக் கட்டின கொத்தன், கல் தச்சன், சுண்ணாம்பு அரைத்த பெண்கள் எல்லாம் வேலை முடிந்து சாயங்காலம் திரும்பிப்போன வீடுகள் அந்த மண்ணுக்குள்தான் எங்கேயோ இருக்கிறது. அதில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

என் கோரிக்கை இதுதான். இந்த வருஷம் டூர் பஸ் மாளிகைமேட்டிலும் நிற்க வேண்டும். முதலில் மேடு, அப்புறம் கோயில். புளிசாதம் கொஞ்சம் லேட்டானாலும் பரவாயில்லை. அந்தப் பக்கத்து ஊர்க்காரப் பசங்க வீட்டில் பழைய செங்கல் இருந்தால் பெயர்க்க வேண்டாம். நீளம், அகலம், கனத்தை ஸ்கேலில் அளந்து, எந்த ஊர், வீட்டில் எந்த இடம் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். எங்க துவைக்கிற மேடைக் கல்லை நான் ஏற்கனவே அளந்து வைத்திருக்கிறேன்.

இந்தத் தாளுக்குக் கீழே ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கிறேன். சம்மதம் உள்ளவர்கள் பெயரும் வகுப்பும் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை வரலாறு சாரிடம் கொடுக்கப் போகிறேன். பென்சிலில் எழுத வேண்டாம், அழித்துவிடுகிறார்கள்.