நோய்க் கோழியை விற்கலாமா?

போன வருஷம் பங்குனியில், சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு விடைக்கோழி வாங்கி வந்து என் கோழிகளோடு விட்டேன். அன்றைக்கே அது இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தூங்கி வழிந்தது. 'புது இடம், அப்படித்தான் இருக்கும்' என்று விட்டது என் தப்பு. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகி, பத்தே நாளில் 14 கோழிகளில் 11 செத்துப் போயின.

எங்கள் ஏற்காடு மலைக் கிராமங்களில், காபித் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களுக்குக் கோழிதான் சிறுவாடு. பிள்ளையின் நோட்டுப் புத்தகம், பஸ் காசு எல்லாமே முட்டைப் பணம். அதனால்தான் கோழி சோர்ந்ததுமே, 'சாவதற்குள் விற்றுவிடு' என்கிறோம். நம் நஷ்டத்தை இன்னொரு பெண் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

வெள்ளைக்கழிச்சல் எனும் ராணிக்கெட் நோய்க்கு, வந்த பின் மருந்து கிடையாது. வருமுன் தடுக்கலாம். குஞ்சு பொரித்த 7ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து. 8ஆவது வாரம் இறக்கைத் தோலுக்கடியில் ஊசி. பிப்ரவரி மாத அரசு முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள். ஒரு வீட்டுக் கோழிக்கு மட்டும் போட்டால் போதாது. மேய்கிற கோழிக்கு வேலி ஏது? தெருவே சேர்ந்து தூக்கிப் போக வேண்டும்.

புதிதாக வாங்கிய கோழியை இரண்டு வாரம் தள்ளி, தனிப் பஞ்சாரத்தில் வையுங்கள். செத்ததை ஓடையில் வீசாமல், சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதையுங்கள். நோய்க் கோழியை மட்டும் விற்காதீர்கள். என்ன சொல்கிறீர்கள், தோழிகளே?

- ஒரு வாசகி, ஏற்காடு.