வாய்க்காலை விட்டுவிட்டு ஏரியைத் தூர்வாரி என்ன பயன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. மராத்தியர் ஆண்ட கோட்டைகள் என்ற வகையில் சேர்க்கப்பட்ட பன்னிரண்டில், மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். எங்கள் வட்டாரத்துக்கே பெருமை. அன்றிலிருந்து வாகன நிறுத்துமிடம், மின்விளக்கு, தங்கும் விடுதி என்று பேச்சு அமர்க்களப்படுகிறது. வருகிறவர்களுக்கும், இங்கேயே குடியிருக்கும் எங்களுக்கும் தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற பேச்சு மட்டும் இதுவரை என் காதில் விழவில்லை.

அந்தக் கேள்விக்குக் கோட்டையே பதில் வைத்திருக்கிறது. கோட்டை நிற்கும் ராஜகிரி மலை முழுக்கப் பாறை. பெய்கிற மழை நிற்க இடமில்லாமல் சரசரவென்று கீழே ஓடிவிடும். அதை வழிநெடுக மடக்கிப் பிடித்திருக்கிறார்கள். மேலே சுனைகள், அதற்குக் கீழே மழைநீர்த் தேக்கங்கள், அடிவாரத்தில் சக்கரக்குளம், செட்டிக்குளம். கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலுக்கு ஏறக்குறைய 500 மீட்டர் தொலைவிலிருந்த தேக்கத்திலிருந்து சுடுமண் குழாயில் தண்ணீர் வந்தது. மொகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் 1690இல் இந்தக் கோட்டைமீது தொடங்கிய முற்றுகை 1698இல்தான் முடிந்தது. தானியத்தை எப்படியாவது உள்ளே கடத்தலாம். எட்டு ஆண்டுகளுக்குத் தண்ணீரைக் கடத்த முடியுமா?

மலைக்கு வெளியே எங்கள் ஏரிகளும் இதே கணக்கில் அமைந்தவைதான். மலையடிவாரத்து நீர் வரத்து வாய்க்காலில் இறங்கி ஏரிக்கு வரும். ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். மிச்சம் சங்கராபரணி ஆற்றில் சேர்ந்து வீடூர் அணைக்குப் போய், பிறகு புதுச்சேரி எல்லையைத் தொடும். பூமிக்குள்ளும் பாறைதான் என்பதால், ஆழ்துளைக் கிணறு எத்தனை அடி போனாலும் வெடிப்பில் தங்கிய நீர் மட்டுமே கிடைக்கும். ஏரி காய்ந்த வருஷம் போர் காற்றைத்தான் கக்கும். இது இங்குள்ள எந்த விவசாயிக்கும் தெரியும்.

என் ஆட்சேபம் இதுதான்: ஏரியைத் தூர்வாரப் பணம் வருகிறது, விழா நடக்கிறது, பொக்லைன் வருகிறது, வண்டல் லாரியில் போகிறது. வரத்து வாய்க்காலை யாரும் தொடுவதில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு சாலையை உயர்த்தியபோது அதன் குறுக்கே வாய்க்காலுக்காகக் குழாய் பதித்தார்கள். அந்தக் குழாயின் அடிமட்டம் வாய்க்கால் தரையைவிட முழங்கால் உயரம் மேலே இருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் குழாய்க்கு இந்தப் பக்கமே தேங்கி, வழி தேடித் தெருவுக்குள் நுழைகிறது. அந்தப் பக்கம் ஏரிவரை சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. கிராமப் படத்தில் கோடாக இருக்கும் வாய்க்கால் புறம்போக்கு, நிலத்தில் வீட்டு மனையாகவும் குப்பைமேடாகவும் இருக்கிறது.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலில் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அடுத்த வைகாசியில் எங்கள் தெருப் பெண்கள் குழாயடியில் குடத்தோடு காத்து நின்றார்கள். சென்னை 2015இல் மூழ்கியது, 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வாங்கியது. அதே வழியில் சின்ன ஊர்களும் போக வேண்டுமா?

யாரிடம் கேட்பது என்பதே பெரிய சிக்கல். நூறு ஏக்கர் ஆயக்கட்டுக்கு மேற்பட்ட ஏரி நீர்வளத் துறையிடம், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம், புறம்போக்கு வருவாய்த் துறையிடம், கோட்டைக்குள் இருக்கும் குளம் இந்தியத் தொல்லியல் துறையிடம், சாலைக் குழாய் சாலை போட்டவரிடம். தண்ணீர் இந்த எல்லைகளைப் பார்த்து ஓடுவதில்லை. ஒவ்வொரு அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டுகிறது. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இல் சட்டம் போட்டோம். எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003இல் ஆணையிட்டோம். என் வீட்டுத் தொட்டியை நான் சுத்தம் செய்கிறேன். ஊருக்கான வாய்க்காலை நான் ஒருவன் வெட்ட முடியாது.

மாவட்ட நிர்வாகம் இந்த எல்லாத் துறைகளையும் ஒரே நாளில் வரவழைத்து, கையில் கிராமப் படத்தோடு மலையடிவாரத்திலிருந்து ஏரிவரை வாய்க்கால் ஓரமாக நடக்க வைக்க வேண்டும். அடைப்பும் ஆக்கிரமிப்பும் எங்கே என்று அங்கேயே குறித்து, பட்டியலை ஊராட்சிப் பலகையில் ஒட்ட வேண்டும். உயர்த்திப் பதித்த குழாய்களை வடகிழக்குப் பருவமழைக்கு முன் இறக்கிப் பதிக்க வேண்டும். கோட்டையைச் சுற்றிப் புதிதாகக் கட்டப்படும் விடுதிகளுக்கு, மழைநீர்த் தொட்டியை நேரில் பார்த்த பிறகே அனுமதி தர வேண்டும். அதுவரை தூர்வாரும் பணத்தில் ஒரு பங்கையாவது வாய்க்காலுக்கு ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஏரிப் பாசன விவசாயி ஒருவர்,
வல்லம், செஞ்சி வட்டம், விழுப்புரம் மாவட்டம்.