தீயை அணைத்த தண்ணீர் எங்கே போகிறது?



கம்பெனியோ கடையோ தீப்பிடித்தால் மறுநாள் பேப்பரில் இரண்டு விஷயம் தேடுவோம். உயிர்ச்சேதம் உண்டா? எத்தனை கோடி நஷ்டம்? யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். புகையும் தண்ணீரும் என்ன ஆயின என்று கேட்பதில்லை.

முதலில் புகை. 2017 மே 31-இல் தி.நகர் சென்னை சில்க்ஸ் கட்டடம் தீப்பிடித்து, ஒரு நாளுக்கு மேல் எரிந்தது நினைவிருக்கும். அக்கம்பக்கத்தார் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அது துணிக்கடை. நம் பக்கத்துப் பட்டறைகளிலும் குடோன்களிலும் பி.வி.சி., தெர்மாகோல், ஃபோம், தின்னர் எல்லாம் இருக்கும். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அது ஈரத்தில் கரைந்தால் அமிலம். ஃபோம் எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு.

அடுத்தது தண்ணீர். 1986 நவம்பர் 1, சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு அருகே சாண்டோஸ் நிறுவனத்தின் பூச்சிமருந்துக் கிடங்கு எரிந்தது. அணைக்கப் பீய்ச்சிய தண்ணீர் அந்த விஷத்தையும் சாயத்தையும் அடித்துக்கொண்டு ரைன் நதியில் இறங்கியது. நதி சிவந்தது. சுமார் 400 கி.மீ. தூரத்துக்கு விலாங்கு மீன்கள் செத்தன. தீ சில மணி நேரத்தில் அணைந்தது. நதி தேற ஆண்டுகள் ஆயின.

நம் ஊரை எண்ணிப் பாருங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டி அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி. பூந்தமல்லி தாண்டினால் சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதற்கே பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது. தீப்பிடித்த அன்று ஓடும் கறுப்புத் தண்ணீரை யார் தடுப்பது?

"முதலில் உயிரைக் காப்பாற்றுவோம், ஏரியைப் பிறகு பார்க்கலாம்" என்பீர்கள். சரிதான். தீயணைப்பு வீரர்களைக் குறை சொல்லவே முடியாது. அதனால்தான் ஏற்பாடு முன்கூட்டியே வேண்டும் என்கிறேன். ரசாயனம் வைத்திருக்கும் இடங்களில் அழுக்குத் தண்ணீரைத் தேக்க ஒரு தொட்டி, மழைநீர் வடிகாலை அடைக்க ஒரு ஷட்டர், உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் கேட்டிலேயே. இவை இருந்தால்தான் லைசென்ஸ் என்று அரசு சொல்ல வேண்டும்.

உங்களில் சிலர் எஸ்டேட்டில் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறீர்கள். அரசு சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். எரிந்த குப்பையையும் சாம்பலையும் ஏரிக்கரையில் கொட்ட விடாதீர்கள். இன்ஷூரன்ஸ் உங்கள் மெஷினுக்குப் பணம் தரும். ஏரிக்கு யார் தருவார்கள்?

படித்தவர்கள் உங்கள் கருத்தை எழுதுங்கள். எல்லோரும் நலமாயிருங்கள்.