களிமண் படையில் ஒரு தாய்

"பெண் பிள்ளைகளுக்கு எதற்கம்மா சண்டை விளையாட்டு? பூத்தையல் போட்டிருக்கலாம், கோலம் வரைந்திருக்கலாம்!"

இவ்வாண்டு நம் பள்ளிக் கண்காட்சியில் நாங்கள் அமைத்திருந்த பாஞ்சாலங்குறிச்சிப் போர்க்களத்தின் முன்னால் நின்று ஒரு பெரியவர் கேட்ட கேள்வி இது. அவர் சினந்து கேட்கவில்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆயினும் எங்களுக்கு அன்று விடை சொல்லத் தெரியவில்லை. தலை குனிந்து நின்றோம். ஆண்டு மலரில் எழுத இடம் கிடைத்தமையால், அன்று சொல்லாமல் விட்டதை இன்று சொல்ல விழைகிறோம்.

முதலில், கண்காட்சிக்கு வர இயலாதவர்களுக்காக அந்தப் போர்க்களத்தைப் பற்றிச் சிறிது கூறிவிடுகிறோம். டிசம்பர்தோறும் குடில் கட்டும் நமக்கு நிலம் அமைக்கும் கலை புதிதன்று. காகிதத்தைக் கசக்கி மலையாக்குவதும், கேழ்வரகை முளைக்கவிட்டுப் புல்லாக்குவதும், கண்ணாடித் துண்டைக் குளமாக்குவதும் நாம் அறிந்தவையே. அதே கைத்திறனைக் கொண்டுதான் இதையும் தொடங்கினோம். இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டு, தெர்மாகோல் அட்டைகளைப் பரப்பி, ஃபெவிகால் தடவி, சலித்த மண்ணைத் தூவினோம். பச்சைச் சாயமேற்றிய மரத்தூள் புல்லாயிற்று. தேங்காய் நார் கூரையாயிற்று. துடைப்பக் குச்சியும் வெட்டிய தாளும் பனைமரமாயின. மருந்து வைக்காத தீக்குச்சிகள் ஈட்டிகளாயின. காலித் தீப்பெட்டிகளை அடுக்கி அவற்றின்மேல் கண்மாய்க் களிமண்ணைப் பூசியபோது கோட்டைச் சுவர் எழுந்தது. சிவகாசிக்கு அருகில் வாழும் எங்களுக்குத் தீப்பெட்டிக்கா பஞ்சம்!

கோட்டையைச் சுற்றி வேலி வைக்கச் சீமைக்கருவேல முட்களை ஒடித்து வந்தோம். எங்கள் வரலாற்று ஆசிரியை பார்த்துவிட்டு, "இந்த மரம் அப்போது ஏது?" என்று கேட்டார். விசாரித்துப் பார்த்தால், சீமைக்கருவேல் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இந்தியாவுக்குள் வந்ததாம்! எங்கு நோக்கினும் அதையே கண்டு வளர்ந்த நாங்கள், அது இல்லாத ஒரு கரிசல் காட்டை எண்ணிப் பார்த்ததே இல்லை. பிடுங்கிப் போட்டுவிட்டு உடைமுள்ளைத் தேடிப் போனோம். நூல் படிப்பவர் ஒரு வரியை மேலோட்டமாகப் படித்துவிட்டுப் போகலாம். கையால் செய்பவருக்கோ அந்தச் சலுகை இல்லை. வேலியில் என்ன முள், சுவர் என்ன நிறம், வீரன் காலில் செருப்பு உண்டா இல்லையா என்று ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். இதுவே இக்கலையின் முதற்பயன் என்று கருதுகிறோம்.

அடுத்து வீரர்கள். ஓர் அங்குல உயரம். மெல்லிய கம்பியை எலும்பாக வைத்து, காகிதக் கூழும் கோந்தும் சேர்த்துப் பிசைந்த களிமண்ணால் உடல் செய்து, நிழலில் உலர்த்தினோம். முதலில் வெள்ளை அடிப்பூச்சு. அதன்மேல் அக்ரிலிக் வண்ணம். அது காய்ந்தபின் கரும்பழுப்பு வண்ணத்தை நீரில் நன்கு கரைத்து மேலே ஓடவிட்டால், மடிப்புகளில் தங்கி நிழல் போலத் தோன்றும். ஈரம் வற்றிய தூரிகையால் வெளிர்நிறத்தை மேடுகளில் மட்டும் தடவினால் வெயில் பட்டது போலிருக்கும். இப்படி நூற்றிருபது பேரைச் செய்தோம். ஒரு பொம்மை இருபது வீரர்களுக்குச் சமம் என்பது எங்கள் கணக்கு.

இனி வரலாறு. 1799-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் மேஜர் பானர்மன் தலைமையில் கும்பெனிப் படை பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியதும், அக்டோபர் 16-ஆம் நாள் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதும் நாம் பாடத்தில் படித்தவை. 1959-இல் வெளிவந்த திரைப்படத்தால் பாமரரும் அறிந்தவை. நாங்கள் அமைத்தது அதற்கு அடுத்த போரை. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து 1801 பிப்ரவரியில் தப்பி வந்த அவர் தம்பி ஊமைத்துரை, இடிந்து கிடந்த கோட்டையைச் சில நாட்களிலேயே மண்ணால் எழுப்பினார். மார்ச் 31-ஆம் நாள் அதன்மீது பாய்ந்த கும்பெனிப் படை முறியடிக்கப்பட்டது. மேலும் படையும் பீரங்கியும் வந்து சேர்ந்த பின்னர், மே 24-ஆம் நாள்தான் கோட்டை வீழ்ந்தது. இன்று அங்கே நாம் காணும் நினைவுக் கோட்டை 1974-இல் தமிழக அரசு கட்டியது.

வண்ணம் பூசும்போதுதான் ஒரு செய்தி எங்களுக்கு உறைத்தது. ஊமைத்துரையின் வீரருக்கு என்ன தோல் நிறம் கலந்தோமோ, அதே நிறத்தைத்தான் கும்பெனியின் சிப்பாய்களிற் பெரும்பாலோருக்கும் பூச வேண்டியிருந்தது. எட்டயபுரத்துப் படையும் கும்பெனியின் பக்கமே நின்றது. இருபுறத்தாரும் இந்த மண்ணின் மைந்தரே! ஒரே உருண்டைக் களிமண். ஒரே கிண்ணத்து வண்ணம். சிவப்புச் சட்டை ஒன்றுதான் வேறுபாடு. பாடநூலில் இதைப் படித்திருந்தோம். தூரிகை பிடித்தபோதுதான் உணர்ந்தோம்.

எல்லாம் செய்து முடித்ததும் ஆடிப் பார்த்தோம். ஒரு படை எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை அளவுகோலால் அளந்தோம். தாக்குதல் பலித்ததா என்பதைத் தாயக்கட்டை உருட்டிப் பார்த்தோம். இது நாங்களாகக் கண்டுபிடித்ததன்று. தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையையும் பலகையில் நிறுத்திய சதுரங்கம் நம் நாட்டில்தான் பிறந்தது. 1812-இல் பிரஷ்ய நாட்டு ரைஸ்விட்ஸ் என்பவர் ஆறும் சாலையும் மேடும் பொறித்த கட்டைகளை ஒரு மேசையில் மாற்றி மாற்றி அடுக்கி ஆடும் போராட்டத்தைத் தம் மன்னருக்குச் செய்து கொடுத்தார். இன்று உலகெங்கும் ஆடப்படும் மேசைப் போர் விளையாட்டுக்கு அதுவே மூதாதை.

உண்மையை மறைப்பானேன்? எதிரணியார் கோட்டையை நெருங்குமுன் அவர்கள் படை சரிந்தபோது நாங்கள் கைதட்டி ஆர்ப்பரித்தோம். வெற்றி இனிக்கத்தான் செய்தது. ஆனால் விழுந்த வீரரைப் போடுவதற்கென்று ஒரு காலித் தீப்பெட்டியை வைத்திருந்தோம். அதில் ஒவ்வொருவராக எடுத்து அடுக்கியபோது கைதட்டல் குறைந்தது. மூன்று மாலைப் பொழுது குனிந்து உட்கார்ந்து புருவம் வரைக்கும் தீட்டிய பொம்மை, ஒரு தாயக்கட்டை உருண்டதில் பெட்டிக்குள் போய்விடுகிறது. "இவன் நான் செய்தவன்" என்று ஒருத்தி சொன்னாள். வேறொன்றும் சொல்லவில்லை.

இங்குதான் எங்கள் கருத்தைச் சொல்ல விரும்புகிறோம். போர் விளையாட்டு தீயது என்பாரும் உண்டு. வெறும் பொழுதுபோக்கு என்பாரும் உண்டு. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் பொம்மைப் போருக்கு விதிகள் வகுத்து 1913-இல் ஒரு நூல் வெளியிட்டார். மேசைமேல் நடக்கும் சிறு போரைக் கண்டவர் உண்மைப் போரின் அறியாமையை உணர்வர் என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது! ஆகவே, பொம்மை ஆடினால் மட்டும் போர் ஒழிந்துவிடும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். எதைச் செய்து வைக்கிறோம், எதைச் செய்யாமல் விடுகிறோம் என்பதைப் பொறுத்தே அது நன்மையோ தீமையோ ஆகிறது என்பதே எங்கள் எண்ணம்.

பெண்களுக்கு இது எதற்கு என்ற கேள்விக்கு வருவோம். வெல்ஸ் தம் நூலை முதன்மையாகச் சிறுவர்க்கென்று சொல்லிவிட்டு, அறிவுக் கூர்மையுள்ள சிறுமியர்க்கும் உரியது என்று முகப்பிலேயே சேர்த்துக்கொண்டார். அவருக்கு முன்பே, 1826-இல், இங்கிலாந்தின் பிராண்டி குடும்பத்தில் தம்பிக்கென்று தந்தை வாங்கி வந்த பன்னிரண்டு மரவீரர்களைச் சகோதரிகளும் பங்கிட்டுக்கொண்டனர். அவ்வீரர்களுக்குப் பெயரிட்டு, நாடு அமைத்து, கதை புனைந்து வளர்ந்த ஷார்லட்தான் பின்னாளில் 'ஜேன் அயர்' என்னும் நாவலை எழுதினார். இரண்டாம் உலகப்போரில், 1942 முதல் லிவர்பூல் நகரில், கடற்படை மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள் ஓர் அறையின் தரையையே அட்லாண்டிக் கடலாகக் கொண்டு, சிறு கப்பல் பொம்மைகளை நகர்த்தி, நீர்மூழ்கிக் கப்பல்களை முறியடிக்கும் வழிகளை ஆராய உதவினர். திரைத்துளை வழியே மட்டும் அத்தரையைப் பார்க்க அனுமதிக்கப்பட்ட கடற்படை அதிகாரிகள் அங்கே பாடம் கற்றனர். நம் நாட்டிலோ, 1780-இல் சிவகங்கையை மீட்ட வேலுநாச்சியாரை அறியாதார் யார்? ஆகவே, போரைப் பற்றிச் சிந்திப்பது ஆண்களுக்கு மட்டும் உரிய வேலை என்பதை நாங்கள் ஒப்பவில்லை.

ஆனால் எங்கள் முதன்மையான விடை இவற்றுள் எதுவுமன்று. அது எங்கள் மேசையின் ஓரத்தில் நின்ற ஒரு சிறு பொம்மை.

1801 போரில் கும்பெனியின் பக்கம் நின்று பங்கேற்ற ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் அதிகாரி, 1830-இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில் ஒரு நிகழ்ச்சியைப் பதிந்திருக்கிறார். கோட்டை வீழ்ந்த பிறகு, பக்கத்து ஊர்ப் பெண்கள் தங்கள் பிள்ளைகளின் உடல்களைத் தேடிக் களத்துக்கு வந்தனர். ஒரு தாய் தன் மகனைக் குற்றுயிராகக் கண்டாள். அவனோ தன்னை விட்டுவிட்டு, அருகில் காயமுற்றுக் கிடக்கும் தன் தலைவரைக் காப்பாற்றும்படி வேண்டினான். அவர்தாம் ஊமைத்துரை. பெண்கள் அவரைத் தூக்கிச் சென்றனர். வழியில் எதிரிப் படையினர் வரக் கண்டு, அவரைத் துணியால் மூடி, அம்மை கண்டு இறந்த பிள்ளை என்று சொல்லி ஓலமிட்டனர். வந்தவர்கள் அஞ்சி விலகிப் போயினர். பகைவர் பக்கத்து அதிகாரியே வியந்து எழுதி வைத்தமையால் இச்செய்தி நமக்குக் கிடைத்தது. ஊமைத்துரை மீண்டும் போரிட்டுப் பிடிபட்டு, அவ்வாண்டு நவம்பரில் அதே பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார். அந்தத் தாயின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆசிரியை இதை வாசித்துக் காட்டிய அன்று எங்கள் படை முழுவதும் தயாராகியிருந்தது. நூற்றிருபது பொம்மைகளில் ஒருத்தியும் பெண்ணில்லை என்பதை அப்போதுதான் கவனித்தோம்! பெண்கள் படிக்கும் பள்ளியில், பெண்களே செய்த களத்தில் இப்படியொரு குறை. அன்றே அவளைச் செய்தோம். இருமுறை உடைந்து போனாள். முகம் கடைசிவரை சரியாக வரவில்லை. ஆயினும் கையில் விளக்குடன் வடமேற்கு மூலையில் நிறுத்தினோம். அவளைச் சுற்றி விழுந்தவர்களையும் கிடத்தினோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பீரங்கிக்குப் பதில் சிறு வெடி ஒன்றைக் கொளுத்தலாமா என்று நாங்கள் கேட்டபோது, சிஸ்டர் ஒரே சொல்லில் மறுத்துவிட்டார். பஞ்சைப் பிய்த்துப் புகையாக வைத்துக்கொண்டோம். அவர் மறுத்ததன் காரணத்தை நம் வட்டாரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெடியுப்பு, கந்தகம், கரி என்னும் மூன்றும் கோட்டையைத் தகர்த்தன. அவையே இன்று நம் தீபாவளியை ஒளிரச் செய்கின்றன. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறும் போடுகின்றன. அவையே 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தன. அதற்கு முன்னும் பின்னும் விபத்துகள் நிகழ்ந்துள்ளன. சத்தம் கேட்டதும் வேலைக்குப் போன பிள்ளையைத் தேடித் தலைவிரிகோலமாய் ஓடும் தாய், நம் ஊருக்குப் புதியவள் அல்லள். எங்கள் மேசையோரத்துப் பொம்மையைப் பார்த்துவிட்டுச் சில அன்னையர் பேசாமல் நகர்ந்து போனதை நாங்கள் கண்டோம். அவர்களுக்கு நாங்கள் எந்தப் போரையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே, எங்கள் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, நம் பள்ளியில் ஆண்டுதோறும் ஒரு வகுப்பு நம் வட்டார வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியை இப்படி அமைக்கட்டும். கொலுப் பொம்மைகளையும் குடில் சுரூபங்களையும் செய்யும் விளாச்சேரிக் கலைஞர்கள் மதுரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் நாம் கற்கலாம். மற்றொன்று, 18-ஆம் நூற்றாண்டில் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து அச்சகங்கள் வெட்டி ஒட்டும் காகித வீரர்களை அச்சிட்டுப் புகழ்பெற்றன. நாடெங்கும் நாட்காட்டி அனுப்பும் சிவகாசியால் அது முடியாதா? நம் வரலாற்று மாந்தரைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்தால், ஏழை வீட்டுப் பிள்ளையும் ஒரு கத்தரிக்கோலைக் கொண்டு வரலாறு கற்பாள். ஆனால் அந்தத் தாளில் வாளேந்தியவர் மட்டும் போதாது. தண்ணீர் சுமந்தவளும், காயத்துக்குக் கட்டுப் போட்டவளும், மகனைத் தேடி வந்தவளும் இடம்பெற வேண்டும்.

அன்று எங்களைக் கேட்ட பெரியவர் இம்மலரைப் படிப்பாராயின் எங்கள் விடை இதுதான்: ஐயா, சண்டை விளையாட்டை நாங்கள் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அந்தத் தாயை அதில் வைக்க ஆள் வேண்டியிருந்தது. அடுத்த கண்காட்சிக்கும் தாங்கள் வர வேண்டும். அதற்குள் அவள் முகத்தை இன்னும் நன்றாகத் தீட்டக் கற்றுக்கொள்வோம்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவியர்