மூலையில் இரண்டு எழுத்து

செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் பாதித் துவைப்பில் நின்றது. மோட்டார் நன்றாக இருக்கிறது, பெல்ட் அறவில்லை. மெக்கானிக் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "போர்டு போச்சு சார், முழுசா மாத்தணும்" என்றார். கெட்டதை மட்டும் மாற்றக் கூடாதா என்றேன். "தனியா கிடைக்காது சார்." போர்டின் விலை, மெஷின் விலையில் பாதி. இந்தத் 'தனியா கிடைக்காது' மேல் எனக்குப் பழைய கோபம் உண்டு. அது இன்னும் தணியவில்லை.

கழற்றிய போர்டை மேசையில் வைத்துப் பார்த்தேன். நடுவே நகமளவு கறுப்புச் சதுரம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் எண்கள்தான். செய்தவர் பெயர் இல்லை. இன்டெலில் சிப் வடிவமைத்த ஃபெடரிக்கோ ஃபேகின் நினைவுக்கு வந்தார்.

1969-ல் பிஸிகாம் என்ற ஜப்பானியக் கால்குலேட்டர் கம்பெனி, தன் கால்குலேட்டருக்கென்றே சிப்புகள் செய்து தரச்சொல்லி இன்டெலிடம் வந்தது. வேலைக்கொரு சிப் எதற்கு, நிரலை மாற்றினால் வேலை மாறுகிற ஒரு சிப் போதுமே என்றார் இன்டெலின் டெட் ஹாஃப். இன்று லிஃப்டிலும் ஏ.சி. ரிமோட்டிலும் என் வாஷிங் மெஷினிலும் இருப்பது அந்த யோசனைதான்.

ஆனால் யோசனை காகிதத்தோடு நின்றிருந்தது. 1970 ஏப்ரலில் ஃபேகின் இன்டெலில் வேலைக்குச் சேர்ந்த சில நாளில் பிஸிகாமிலிருந்து மஸடோஷி ஷிமா வந்து இறங்கினார். முடிந்த வடிவமைப்பைச் சரிபார்க்க வந்தவர். சரிபார்க்க ஒன்றுமே இல்லை. கடுங்கோபம். அதற்காக ஊர் திரும்பிவிடவில்லை. மாதக்கணக்கில் ஃபேகினோடு உட்கார்ந்து வேலை பார்த்தார். எனக்கு இந்த மனிதர் மேல் தனி மரியாதை.

2300 டிரான்சிஸ்டர்கள். அத்தனையும் கையால் வரைந்தவை. சிவப்புப் படலத்தைக் கத்தியால் கீறி, உரித்து, அந்தப் பெரிய வடிவத்தைப் புகைப்பட முறையில் சுருக்கினார்கள். 1970 முடியும் நேரத்தில் வந்த முதல் வேஃபர்கள், அதாவது சிப்புகள் பொறித்த சிலிக்கான் தகடுகள், வேலை செய்யவில்லை. தயாரிப்பில் ஓர் அடுக்கே விடுபட்டிருந்தது. அடுத்த ஜனவரியில் திருத்தியவை வந்தன. எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு ஃபேகின் தனியாக நின்று, ஒவ்வொன்றாக ஊசிமுனை வைத்துச் சோதித்தார். ஓடியது! 4004 என்று பெயரிட்டு 1971 நவம்பரில் விற்பனைக்கு அறிவித்தார்கள்.

அதன் ஓரத்தில், ஓவியர் கையெழுத்திடுவதுபோல், தன் பெயரின் முதலெழுத்துகளை ஃபேகின் பொறித்திருந்தார்: எஃப்.எஃப்.

புது போர்டு சனிக்கிழமை வருகிறது. பழையதைத் தரமாட்டேன் என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டேன்.